எண்ணாத அஞ்சு

அஞ்சக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. பதினேழு வருடமாக அவள் நர்ஸாக வேலை பார்க்கும் ஆபரேஷன் தியேட்டரில், பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாரும் கூப்பிடுவது அஞ்சக்கா என்றுதான். எதையும் அஞ்சு அஞ்சாகப் பிரித்து எண்ணுகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

வீட்டிலும் இதே கதைதான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது குடை, கைப்பை, டப்பா, மகள், கணவர் என்று விரலை மடக்கி எண்ணுவாள். அஞ்சும் இருந்தால்தான் செருப்பில் காலை விடுவாள். கடைசி விரலில் தன்னை மடக்குவதில் கணவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

"டப்பாவுக்கு அப்புறம்தானா நான்?"

"டப்பா தானா நடந்து வராதே."

இதைப் பிறவிக் குணம் என்று நினைத்தால் தப்பு. கல்யாணமான புதிதில் அவள் ஒரு பொருளை வைத்த இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடுகிற ரகம். இந்த எண்ணும் வியாதியை ஒட்டவைத்தவர் கணவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய பட்டறைச் சுவரில் ஒரு பலகை தொங்கும். ஸ்பேனர், குறடு, சுத்தியல் என்று ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு, உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து வைத்திருப்பார். கருவி ஆணியில் தொங்கினால் கறுப்பு மறைந்திருக்கும். எடுத்தால் அதே வடிவத்தில் ஒரு கறுப்பு ஓட்டை தெரியும்.

"லிஃப்ட் கூரைமேல ஸ்பேனரை மறந்து வச்சுட்டு இறங்கினா, அது என்னிக்காவது ஒருத்தர் தலையில விழும். இருக்கறதை யார் வேணா பார்க்கலாம். இல்லாததைப் பார்க்கத்தான் படம் வேணும்" என்று புது மனைவிக்கு விளக்கினார். அவள் தலையாட்டினாள். தலையாட்டியதுதான் வினை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், சமையலறைச் சுவரில் கரண்டி, இடுக்கி, வடிகட்டி, துருவி, கத்தரிக்கோல் எல்லாம் தத்தம் கறுப்புப் படத்தின் மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

மாமியார் வந்து சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "சின்ன வயசுல சுவர்ல கிறுக்கற பழக்கம் இவனுக்கு இருந்துச்சு. கல்யாணம் பண்ணினா சரியாயிடும்னு நினைச்சேன்" என்று மருமகளிடம் சொன்னாள். அந்த 'நினைச்சேன்' மருமகள் மேல்தான் விழுந்தது. அஞ்சக்கா மூன்று நாள் கணவரோடு பேசவில்லை.

நான்காம் நாள் அவள் அவசரமாக டீ போடும்போது, சுவரில் வடிகட்டியின் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. பாத்திரம் ஊறும் தொட்டியில் கையை விட்டு ஒரு நொடியில் எடுத்துவிட்டாள். பழைய நாளாயிருந்தால் கால் மணி நேரம் வீட்டையே புரட்டியிருப்பாள். டீயை எடுத்துக்கொண்டு போய்க் கணவர் முன்னால் வைத்தாள். பேச்சு ஆரம்பித்தது இப்படித்தான்.

இதை அவள் தியேட்டருக்குக் கொண்டுபோனது கொஞ்ச நாள் கழித்து. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் ரத்தம் ஒற்றவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் சதுரமான துணிகளை உள்ளே வைப்பார்கள். அதற்கு அங்கே 'மாப்' என்று பேர். ஒரு பாக்கெட்டில் அஞ்சு இருக்கும். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஒன்று தங்கிவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். வெளியே வந்த ரத்தத் துணிகளை ஒரு பேசினில் குவித்து, தைப்பதற்கு முன்னால் இடுக்கியால் கிளறிக் கிளறி எண்ணுவார்கள். இரண்டு துணி ஒட்டிக்கொண்டால் ஒன்றாகத் தெரியும். எண்ணி முடிப்பதற்குள் டாக்டர் பாதி தைத்திருப்பார்.

அஞ்சக்கா வீட்டில் தையல் மெஷினைப் போட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக்கில் வரிசைக்கு அஞ்சு பையாக ஒரு தொங்கல் தைத்தாள். வெளியே வருகிற ஒவ்வொரு மாப்பும் ஒரு பைக்குள் போகும். வரிசை நிறைந்தால் கணக்குச் சரி. ஒரு பை காலியாக இருந்தால் வாசலில் நிற்பவனுக்குக்கூடத் தெரியும். கூடவே ஒரு பழக்கமும் கொண்டுவந்தாள். பாக்கெட்டைப் பிரித்ததும் அதில் எத்தனை என்று ஒரு நர்ஸ் உரக்க எண்ண வேண்டும். கூட இருக்கும் நர்ஸ் அதைத் திரும்பச் சொல்லிப் பலகையில் எழுத வேண்டும். அவ்வளவுதான். பெரிய மெஷின் இல்லை, வெளிநாட்டுப் படிப்பு இல்லை.

"இது ஆபரேஷன் தியேட்டரா, செருப்புக் கடையா?" என்றார் பெரிய டாக்டர், தொங்கலைப் பார்த்துவிட்டு. அவருக்குக் கை பொன்னான கை. வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆனாலும் தொங்கல் இறங்கவில்லை. இரண்டு வருடத்தில் மற்ற மூன்று தியேட்டர்களிலும் ஏறிவிட்டது. பெரிய டாக்டரும் முணுமுணுத்துக்கொண்டே பழகிவிட்டார். கையுறை மாட்டும்போது "செருப்பெல்லாம் எண்ணியாச்சா?" என்று கேட்பார். அது அவருடைய பாஷையில் வணக்கம்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

மேஜையில் இருந்தது ஒரு ஸ்கூல் டீச்சர். குடலில் கட்டி. இரண்டு பாக்கெட் பிரித்தார்கள். அஞ்சக்கா எண்ணினாள், கூட இருந்த நர்ஸ் எழுதினாள்: பத்து. அந்த நர்ஸுக்குச் சிரிப்பு சிஸ்டர் என்று பேர். ஊசி குத்தும்போதும் சிரிப்பாள், ஊசி குத்திக்கொள்ளும்போதும் சிரிப்பாள். கட்டியை எடுத்து முடித்து, பெரிய டாக்டர் தையல் ஊசிக்குக் கையை நீட்டினார். ஒன்பது பை நிறைந்திருந்தது. பத்தாவது பை காலி.

"டாக்டர், ஒண்ணு குறையுது."

"திரும்ப எண்ணுங்க."

"எண்ணிட்டேன். ஒன்பதுதான்."

"நான் உள்ள கையை விட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. தைக்கப்போறேன்."

"தைக்காதீங்க டாக்டர்."

அந்தத் தியேட்டரில் அவரிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சிரிப்பு சிஸ்டரின் சிரிப்பு முகமூடிக்குள்ளேயே நின்றுவிட்டது. பெரிய டாக்டர் ஊசியைத் தட்டில் போட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பிறகு தேடல். மேஜைக்கு அடியில், குப்பைக்கூடையில், அழுக்குத் துணி மூட்டையில், ஆளுக்கு ஆள் செருப்பைத் தூக்கி அதன் அடியில். டாக்டர் வயிற்றுக்குள் மறுபடி தேடினார். எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு மாப்பிலும் ஒரு நீல நூல் ஓடும். அந்த நூல் எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரியும். படத்தில் கோடு இல்லை. கடைசியில் தைத்தார்கள். நாற்பது நிமிஷம் போயிருந்தது.

"அந்தம்மா நாற்பது நிமிஷம் சும்மா மயக்கத்துல கிடந்தாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?" என்று கதவருகில் நின்று எல்லார் முன்னாலும் கேட்டார் பெரிய டாக்டர். அஞ்சக்கா தொங்கலின் காலிப் பைக்குள் இன்னொரு தடவை விரலை விட்டுப் பார்த்தாள். வயிற்றில் இல்லை, தரையில் இல்லை, எங்கேதான் போயிருக்கும்? துணிக்குக் காலா முளைத்திருக்கும்?

மறுநாள் காலை முதல் ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, சாமான் அறை அலமாரியைத் திறந்தாள். அதே பெட்டியில் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எடுத்து மேஜையில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு துணியையும் தனியாக உதறி எண்ணினாள். முதல் பாக்கெட்டில் அஞ்சு. இரண்டாவதில் அஞ்சு. மூன்றாவதில் நாலு.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னாள். ஃபேக்டரிக்காரன் ஒன்று குறைத்துப் போட்டிருக்கிறான்; நேற்று வந்ததும் இப்படி ஒரு பாக்கெட்தான். தொலைந்த துணி தொலையவே இல்லை. அது பாக்கெட்டுக்குள் வந்ததே இல்லை. நேற்று கேட்ட ஏச்செல்லாம் பறந்துபோய், உடம்பு இலேசானது.

அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. நேற்று அந்த நாலு துணிப் பாக்கெட்டைப் பிரித்தது யார்? அவள். அஞ்சு என்று உரக்கச் சொன்னது யார்? அவளேதான். எப்படிச் சொன்னாள்? கையை மனக்கண்ணில் பார்த்தாள். கட்டை விரலால் துணிகளின் ஓரத்தை நோட்டுப் புரட்டுவதுபோல் ஒரு தடவு. அதற்குள் வாய் "அஞ்சு" என்றுவிட்டது. சிரிப்பு சிஸ்டர் பலகையைப் பார்த்தபடியே "அஞ்சு" என்றாள். ஒவ்வொரு துணியையும் பிரித்து எண்ணியது கடைசியாக எப்போது? போன மாதமா, போன வருடமா? ஞாபகமே இல்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். பதினேழு வருடம் ஒரு தடவைகூடப் பொய் சொல்லாத பாக்கெட்டு அவள் கண்ணைத் தேய்த்துவிட்டது. ஊரையே எண்ணவைத்தவள், தான் எண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். நிறுத்தியது அவளுக்கே தெரியாது.

பிடிவாதத்தில் மிச்சப் பாக்கெட்டுகளையும் பிரித்தாள். ஏழாவது பாக்கெட்டில் ஆறு இருந்தது.

திரும்ப எண்ணினாள். ஆறு.

நாலு இருக்கும் பாக்கெட்டை அஞ்சு என்று சொன்னால் ஒரு பை காலியாக நிற்கும். தேடுவார்கள், திட்டுவார்கள், நாற்பது நிமிஷம் போகும். ஆறு இருக்கும் பாக்கெட்டை அஞ்சு என்று சொன்னால்? ஆறும் உள்ளே போய், அஞ்சு வெளியே வந்தால் அஞ்சு பையும் நிறைந்துவிடும். கணக்குச் சரி என்று அவளே சொல்லுவாள். டாக்டர் தைத்துவிடுவார். ஆறாவது உள்ளே இருக்கும். அதைத் தேட ஒரு ஆளும் இருக்காது.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெட்டியைத் திறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. டீச்சருக்கு முன்னால் அதிலிருந்து பதினோரு பேருக்கு மாப் எடுத்திருந்தார்கள். பதினோரு பேருக்கும் எதிரே 'சரி' என்று எழுதியிருந்தது. ஆறு இடத்தில் அவளுடைய கையெழுத்து. அழகான, வட்டமான, நம்பிக்கையான கையெழுத்து. அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சிரிப்பு சிஸ்டர் வந்து மேஜையைப் பார்த்ததுமே குதித்தாள். "ஃபேக்டரி தப்புக்கா! நாம தப்பிச்சோம்! அந்த மனுஷன் மூஞ்சியை இப்போ பார்க்கணும் எனக்கு."

"நாம எண்ணினோமாடி?"

"எண்ணினோமே. நீங்க அஞ்சுன்னீங்க, நானும் அஞ்சுன்னேன்."

"சொன்னோம். எண்ணினோமா?"

சிரிப்பு சிஸ்டர் பாக்கெட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அதை வெளியில சொல்லாதீங்கக்கா. எனக்கு வேலை நிரந்தரமாகி நாலு மாசம்தான் ஆகுது" என்றாள். அவள் சிரிக்காமல் பேசி அஞ்சக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டர் வந்ததும் விஷயம் அவர் காதுக்குப் போனது. அவர் நாலு துணிப் பாக்கெட்டையும் ஆறு துணிப் பாக்கெட்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். "சிஸ்டர், நேத்து கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றார். பதினேழு வருடத்தில் வராத மன்னிப்பு, வரக் கூடாத நாளாகப் பார்த்து வந்து நின்றது. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டன்ட் அம்மாவின் அறையில் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய பெட்டி அலமாரியோடு பூட்டப்பட்டது; வேறு கம்பெனி மாப்பை, அஞ்சக்கா ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிய பிறகுதான் அன்றைய முதல் ஆபரேஷன் தொடங்கியது.

மத்தியானம் படிக்கட்டில் நின்று கணவருக்கு ஃபோன் செய்தாள். அவர் எங்கோ ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். லிஃப்டைத் தொடுவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்து, அதன் பிறகும் பொத்தானை அழுத்தி 'நிற்கிறதா' என்று பார்க்கிற மனிதர் அவர். அதனால் அவர் என்ன சொல்லுவார் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

"ஃபேக்டரி தப்புன்னு சொல்லிடு" என்றார் அவர்.

"என்னது?"

"பொய் இல்லையே. ஃபேக்டரி தப்புதானே அது."

"அப்படிச் சொன்னா, நாங்கதான் பிரிக்கும்போதே எண்ணிடறோமே, பழைய ஆளுங்களுக்குப் பயமில்லைன்னு ஃபைலை மூடிடுவாங்க. பதினோரு பேர்ல யார் வயித்துலயாவது இருந்தா?"

"இருக்காது."

"நீங்களா பேசறது? நிறுத்திட்டேன்னு நினைக்கறது வேற, நிக்குதான்னு பார்க்கறது வேறன்னு என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? ஊருக்குத்தான் உபதேசமா?"

"அது லிஃப்ட். இது நீ" என்றார். "வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு. உன்னை யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தாங்காது. அதான் உளர்றேன்."

அஞ்சக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தி, அந்த மனிதர் விதியை மீறச் சொன்னது இது ஒன்றுதான், அதுவும் அவளுக்காக.

"சொல்லத்தான் போறேன்" என்றாள்.

"தெரியும். சொல்லிட்டு ஃபோன் பண்ணு. வாசல்ல வந்து நிக்கறேன்."

கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சூப்பரின்டெண்டன்ட் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் படித்தார். பெரிய டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து, "ஒண்ணு சொல்லணும். இந்தத் தொங்கலை நான் செருப்புக் கடைன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். இவங்க மட்டும் எண்ணலைன்னா இந்தக் கோளாறு நமக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். எல்லாரும் அஞ்சக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். யாரோ மெல்லக் கைகூடத் தட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பாராட்டு வாங்கிக்கொண்டு சொல்வதுதான் கஷ்டம்.

"எப்படியும் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே ஒவ்வொண்ணா எண்ணிடறீங்க. அதனால முன்னாடி ஆபரேஷன் ஆனவங்களைப் பத்திக் கவலையில்லை. அப்படித்தானே சிஸ்டர்?" என்றார் சூப்பரின்டெண்டன்ட் அம்மா. பேனா காகிதத்தில் ஊன்றியிருந்தது. ஒரு 'ஆமா' போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சிரமம்கூட இல்லை. மற்றவர்களே மறைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"இல்லம்மா" என்றாள் அஞ்சக்கா. "நான் எண்ணலை."

பேனா காகிதத்திலிருந்து எழும்பியது.

"அஞ்சுன்னு சொன்னேன். ஆனா எண்ணலை. அஞ்சுதான் இருக்கும்னு வாய் சொல்லிடுச்சு. நேத்து மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே இப்படித்தான். நேத்து வந்தது நாலு. அதனால பை காலியாத் தெரிஞ்சுது. ஆறு வந்திருந்தா எல்லாப் பையும் நிறைஞ்சிருக்கும், நானும் சரின்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்தப் பெட்டியில பதினோரு பேருக்கு எடுத்திருக்கோம். பதினோரு பேரையும் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுக்கணும்."

பெரிய டாக்டரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேர் அவர் கை வைத்தவர்கள். வெறும் வாயை மெல்லுகிற மனுஷன், அவல் கிடைத்தால் விடுவாரா என்று எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அதற்குள் கதவோரத்தில் நின்றிருந்த சிரிப்பு சிஸ்டர், "நானும்தான்மா எண்ணலை. அக்கா சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். மற்றொரு தியேட்டரின் நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்களும்" என்றாள்.

பெரிய டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "கூப்பிடுங்க" என்றார் கடைசியில். "பதினோரு பேரையும் இன்னிக்கே கூப்பிடுங்க. நானே பேசறேன்."

அஞ்சக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. வேலை போகவில்லை. ஆனால் பேர் கெட்டது. காரிடாரில் சிலர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கிய யானைக்கு அதனால் கால்வலி குறைவதில்லை.

இரண்டு நாளில் பத்துப் பேர் வந்து போனார்கள். பத்துப் படத்திலும் கோடில்லை. ஒவ்வொரு படம் வரும்போதும் அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தாள். பத்தாவது முடிந்ததும் சிரிப்பு சிஸ்டர் பழையபடி சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். பதினோராவது ஆள் ஒரு பஸ் கண்டக்டர். எட்டு நாள் முன்னால் குடல் ஆபரேஷன் ஆனவர். பதிவேட்டில் அவர் பேருக்கு எதிரே இருந்தது அஞ்சக்காவின் கையெழுத்து.

படத்தில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, மடங்கிச் சுருண்டு, ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

சொல்லப் போனபோது பெரிய டாக்டர் முன்னால் போனார், அவள் பின்னால். கண்டக்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. டாக்டர் தொண்டையைச் செருமி, பாக்கெட், ஃபேக்டரி என்று ஆரம்பித்தார். அஞ்சக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"அன்னிக்குத் துணியை எண்ண வேண்டியது நான்ங்க. எண்ணாமலே சரின்னு எழுதிட்டேன். ஒண்ணு உங்க வயித்துல தங்கிடுச்சு. அதை எடுக்கணும்."

கண்டக்டர் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம் ஏசினார். மனிதர் வாயால் பிழைக்கிறவர். நெரிசல் பஸ்ஸில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கேட்கும் குரல். வார்டே எட்டிப் பார்த்தது. "எட்டு நாளா வலி வலின்னு சொல்றேன், தையல் வலி சரியாயிடும்னு மாத்திரை குடுத்து அனுப்பினீங்களேய்யா! நான் செத்திருந்தா? என்னை விடுங்க, இவளுக்கு யார் பதில் சொல்றது?" மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அஞ்சக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று, முழுவதையும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவும் தனக்குச் சேர வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஏசி முடித்ததும் கண்டக்டர் தண்ணீர் குடித்தார். பிறகு, "இது எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? நான்கூடத் தையல் வலின்னுதானே நம்பிட்டேன்" என்று கேட்டார்.

டாக்டர்தான் பதில் சொன்னார். "இவங்களே வந்து சொன்னாங்க. யாரும் கேட்கலை."

கண்டக்டர் அஞ்சக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் தலை எண்ணறவன்தான். வண்டியில எத்தனை பேருய்யான்னு செக்கிங் ஆள் கேட்டா, வாய் நாற்பத்திரெண்டுங்கும். கண்ணு பார்த்திருக்காது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எப்போ எடுப்பீங்க?"

"நாளைக்குக் காலையில. வேற நல்ல சிஸ்டரா ரெண்டு பேரைப் போட்டு, எல்லாம் ஒழுங்கா எண்ணச் சொல்றேன்" என்றார் டாக்டர் அவசரமாக.

"வேண்டாம். இவங்களே எண்ணட்டும்."

அஞ்சக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற யார் எண்ணினாலும், எண்ணினாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? இவங்க எண்ணலைன்னா, எண்ணலைன்னு சொல்லிடுவாங்க."

மறுநாள் காலை அவரை மேஜையில் படுக்கவைத்தார்கள். மயக்க டாக்டர் முகமூடியை எடுத்தபோது, கண்டக்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எங்கே அந்தம்மா? முதல்ல எண்ணச் சொல்லுங்க. கேட்டுட்டுத் தூங்கறேன்."

பெரிய டாக்டர் கையுறையோடு ஒதுங்கி நின்றார். அஞ்சக்கா பாக்கெட்டைப் பிரித்தாள். முதல் துணியைத் தனியாக எடுத்து, உதறி, நீல நூலைத் தொட்டுப் பார்த்துத் தட்டில் வைத்தாள். எதிரே சிரிப்பு சிஸ்டர், திருப்பிச் சொல்லாமல், தானும் தன் கண்ணால் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "ஒண்ணு." கண்டக்டரின் உதடும் கூடவே அசைந்தது. "ரெண்டு" என்றபோது முகமூடியை வைத்தார்கள். "மூணு" வரைக்கும் அவர் கண் திறந்திருந்தது.

அவர் தூங்கின பிறகும் அஞ்சக்கா குரலைத் தாழ்த்தவில்லை. நாலாவதை எடுத்து உதறினாள். அஞ்சாவதை எடுத்து உதறினாள். பாக்கெட்டின் காலி உறையைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் காட்டினாள்.